ஆளில்லாத மைதானத்தில் ஒரு பொலிச் சத்தம்

மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிற ஆளை நான் ஒருநாளும் வேலைக்கு எடுத்ததில்லை. தன் சத்தம் தனக்குக் கேட்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். நமக்கு வேண்டியது சனத்தின் சத்தம் கேட்கிற ஆள்.

விளையாட்டு மைதானங்களில் அறிவிப்புச் செய்யவும் நேரலை விடவும் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எப்படிப் பேசுவது என்று நான் எழுதப்போவதில்லை. அது பேசிப் பேசி வருவது. நான் எழுதப்போவது சத்தத்தைப் பற்றி, அதிலும் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, பதினாலு வருடமாகக் காணாமல் போயிருந்த புருஷனைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வாவியைக் கடந்து எங்கள் மைதானத்துக்கு வந்தாள். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு நான் எதைச் சொல்லித் தந்தாலும் அது அரைக் கதைதான்.

அதற்கு முதல் ஒள்ளுப்பம், கொஞ்சமே கொஞ்சம், அடிப்படை.

சத்தம் எல்லா விளையாட்டுக்கும் ஒன்றுதான். மௌனம்தான் விளையாட்டுக்கு விளையாட்டு வேறு. கிரிக்கெட்டில் பப்பரே வாத்தியம் நாள் முழுக்க ஊதலாம், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். கரம் மேசையில் ஆடுகிறவரின் கண்ணுக்கு நேரே ஒருவர் நின்றாலே ஏச்சு விழும். கரப்பந்தில் பந்தைப் போடும்வரை பொறுத்திருந்து, போட்ட பிறகு கத்த வேண்டும். றக்பியில் கம்பத்துக்கு உதைக்க நிற்கிறவனுக்கு எதிரணிச் சனமும் வாயை மூடிக் கொடுப்பது மரியாதை. எல்லோரும் காப்பதில்லை. ஆனால் கொழும்பில் ஒருமுறை அந்த மரியாதையை முழுதாகப் பார்த்தேன். அவ்வளவு பெரிய சனம், ஒரு ஆளின் காலுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. கபடியில் பாடிப் போகிறவன் மூச்சு விட்டானா இல்லையா என்பது நடுவருக்குக் கேட்க வேண்டும். அந்த நேரம் கத்தின சனத்தைப் பார்த்துக் கச்சான் கடலை விற்கிற ஒரு அக்கா சொன்னா: "அவன்ட மூச்ச நீங்க விடாதீங்கடா." இதைவிட நல்ல விதியை எந்தச் சங்கமும் எழுதிவைத்ததை நான் பார்க்கவில்லை.

மௌனத்தைக் கேட்டு வாங்குவது அறிவிப்பாளரின் வேலை. ஆனால் வாங்கின மௌனத்துக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நான் தெரியாமல் வாங்கின ஒரு நாள் உண்டு.

சண்டை ஓய்ந்திருந்த ஒரு இடைக்காலம். கனநாளைக்குப் பிறகு ஒரு மெய்வல்லுநர் போட்டி. நூறு மீற்றர் ஓட்டத்துக்கு எட்டுப் பேர் கோட்டில் குனிந்துவிட்டார்கள். "ஒருவரும் சத்தம் போட வேண்டாம்" என்று மைக்கில் கேட்டேன். சனம் அடங்கியது. காகம்கூடக் கத்தவில்லை. வெடி வெடித்தது, ஓட்டக்காரர் பாய்ந்தார்கள். நான் பார்வையாளர் பக்கம் கிறுகிப் பார்த்தால், அங்கே ஒருவரும் இல்லை.

கயிற்றுக்கு அங்கால் நின்ற அவ்வளவு சனமும் நிலத்தோடு படுத்துக் கிடந்தது. தாய்மார் பிள்ளைகளுக்கு மேல். ஐஸ்பழக்காரர் தன் சைக்கிளுக்கு அடியில். எட்டுப் பேர் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள், பார்க்க ஒரு கண் இல்லை. முதலாவதாக வந்தவன் கையை உயர்த்திக்கொண்டு சனத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்படியே கையை இறக்கினான். மறுகா ஒரு மனிசி எழும்பி, சேலையில் மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஆர் கா வெண்டது?" என்று கேட்டா. சனம் முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து, "இப்ப ஒரு வெடிச் சத்தம் வரும், அது ஓட்டத்துக்கு" என்று சொல்லாமல் நான் ஒரு ஓட்டத்தையும் தொடங்கவிட்டதில்லை. மைதானத்துக்கு வருகிற சனம் வெறுமனே வருவதில்லை, காதுக்குள் எதையோ கொண்டுதான் வருகிறது. இதை இவ்வளவு வருடத்துக்கு முன்னமே படித்தவன் நான். படித்தும் விட்ட பிழைதான் இனி வருவது.

நோய்க்காலம். ஊர் அடங்கி, பிறகு அரைகுறையாகத் திறந்த நேரம். பார்வையாளர் இல்லாமல் விளையாடலாம் என்று அனுமதி கிடைத்தது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில், வாவியோரத்து மைதானம் ஒன்றில், சம்பளத்துக்கு விளையாடுகிற வெளியூர் ஆட்டக்காரர்களையும் இறக்கி ஒரு உதைபந்தாட்டச் சுற்று வைத்தார்கள். முழுதும் நேரலை. நான் மைக். நேரலையும் ஒலியும் தர்சினி. இப்போது உங்களுக்கு வகுப்பெடுக்கிறாளே, அவள்தான்.

முதல் நாள் ஆட்டத்தை ஒன்றும் சேர்க்காமல் விட்டோம். பந்தில் கால் படுகிற சத்தம் மைதானச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஆட்டக்காரர் தங்களுக்குள் ஏசின ஏச்செல்லாம் கடல் தாண்டிக் கனடாவில் இருக்கிற மாமிமாருக்குப் போய்ச் சேர்ந்தது. கோல் அடித்தவன் பழக்கத்தில் கையை விரித்துக்கொண்டு மூலைக்கு ஓடினான். அங்கே ஆள் இல்லை. கொஞ்சநேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு நடந்து திரும்பி வந்தான்.

சுற்றை நடத்துகிற செயலாளர் தலையில் கைவைத்தார். "சனமில்லாத பந்தடி உப்பில்லாத கஞ்சி அண்ணன். என்னவாச்சும் செய்யுங்க."

தர்சினி இணையத்தில் ஒரு வெளிநாட்டு மைதானத்தின் இரைச்சலை எடுத்துப் போட்டாள். பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள்: "எந்த நாட்டில நடக்குது?", "தகரத்தில மழை பெய்யுதா?"

அப்போதுதான் எனக்குப் பெருமை தலைக்கேறியது. என் பேச்சின் பிழைகளை நானே கேட்டுத் திருத்துவதற்காகப் பழைய நாளிலிருந்து போட்டிகளை நாடாவில் பிடித்துவைக்கிற பழக்கம் எனக்கு. அதில் ஒன்று, சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் இதே மைதானத்தில் நடந்த ஒரு இறுதிப் போட்டி. நடுவில் மைக் வயர் பழுதாகி, நான் பேச முடியாமல் நின்ற பதினொரு நிமிடம் அதில் இருந்தது. பதினொரு நிமிடமும் சனம் மட்டும். இரண்டு கரைச் சனமும் வந்து குவிந்த நாள் அது.

தர்சினி காதுக் கருவியைப் போட்டுக் கேட்டாள். கழற்றி வைத்தாள்.

"மாமா, இது வேணாமே."

"ஏன் மகள், சத்தம் கொர கொரக்குதா?"

"இல்ல, நல்லா இரிக்கு. அதான். இதில கத்திற ஆக்கள் இப்ப எங்க?"

"வீட்டில. உலகமே இப்ப வீட்டிலதானே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் நான் மூத்தவன், என் சொல் நின்றது.

அரையிறுதி ஆட்டம். பின்னேரம் நாலு மணி. அந்தப் பதினொரு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப வரும்படி விட்டோம். நேரலைக்கும் போனது, மைதானத்திலும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் போனது. ஆட்டக்காரருக்கு உசார் வரட்டும் என்று. ஒரு பெட்டியை வலது பக்கக் கோலுக்குப் பின்னால், வாவிக் கரையோரமாக, பார்வையாளர் இருக்கப் போடுகிற பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் வைத்தோம்.

சனம் இரைந்தது. மெய்யாகவே உடம்பு சூடாகிற இரைச்சல். அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு ஆம்பிளைக் குரல்:

"பொலி! பொலி! பொலியோ... பொலி!"

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு இது தெரியும். களவெட்டியில் சூடு மிதித்துக் கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கும்போது, அது பெருகட்டும் என்று போடுகிற சத்தம். அதைக் கொண்டுவந்து பந்தடிக்குப் போடுகிற மனிதரை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கேட்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மைக்கில் அள்ளி விட்டேன்: "வலது பக்கக் கோலுக்குப் பின்னால் படுவான்கரை ரசிகர் ஒருவர் பொலி போட்டுக்கொண்டு நிற்கிறார்! அவர் நிற்கும்வரை கோலுக்குக் குறைவில்லை!"

இதுதான் பொய்யின் முதல் பாதி.

பதினொரு நிமிடம் கழித்துப் பொலி வந்தபோது ஒரு மூலை உதை. பொருத்தமாகத்தான் இருந்தது. மூன்றாம் தரம் வந்தபோது பந்து மறுபக்கத்தில் கிடந்தது. வலது பக்கக் கோல்காப்பாளன் மெல்லத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். கதிரை, கதிரையில் பெட்டி, அதற்கப்பால் வாவி. அதற்குப் பிறகு அவன் நேராக நிற்கவில்லை. ஒரு தோளைக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாய்ந்தே நின்றான்.

இடைவேளையில் என்னிடம் வந்தான். "அண்ணன், அந்தப் பெட்டிய அங்கால வைங்க. ஆரோ பின்னால நிக்கிற மாதிரியே கிடக்கு."

"நிக்கட்டுமேடா. உனக்கும் ஆதரவுக்கு ஒரு ஆள் வேணாமா?"

"இனிக் கோல் மாறி அங்கால போறன், எனக்குப் பரவாயில்ல. ஆனா அது ஆதரவு மாதிரி இல்ல அண்ணன். நேரத்த எண்ணிக்கொண்டு நிக்கிற மாதிரி இரிக்கு."

அவன் போய்த் தண்ணீர் குடிக்கிறான், என் போன் அடிக்கிறது. நேரலையில் என் இலக்கத்தைத்தான் போட்டிருந்தோம். ஒரு பெண் குரல்.

"அண்ணன், பந்தடி நடக்கிற இடம்தானே?"

"ஓம் தங்கச்சி, விசயத்தச் செல்லுங்க."

"நாங்க இக்கரை. படுவான்கரை. கொண்டல் காத்துக்குச் சனத்துட சத்தம் எங்கட வாசலுக்குக் கேட்குது. பொலி போடுற ஆள், அவர் இன்னும் நிக்கிறாரா?"

செயலாளர் பக்கத்தில் நின்று, நேரலையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். ஆரோ ஒரு ரசிகை, நம் சத்தத்தை உண்மையென்று நம்பிவிட்டாள் என்ற பூரிப்பு எனக்கு.

"நிக்கிறார் தங்கச்சி. ஆட்டம் முடியாமப் போகமாட்டார்."

அவள் பக்கத்தில் ஆரிடமோ எதையோ சொல்வது கேட்டது. பிறகு: "என்ன நிறச் சேட்டு?"

"நீலம்" என்றேன்.

அந்த நீலம் எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. போன் துண்டிக்கப்பட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்குத் தன் உயிர் மட்டும்தான் போகும். மைக் பிடிக்கிறவன் கெட்டால் கேட்கிறவளும் சேர்ந்து கெடுவாள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்சநேரத்தில் தர்சினி தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நேரலைக்குக் கீழே ஒரு வரி: "அவரைப் போக விடாதீங்க. நாங்க தோணியில வாறம்."

"பந்து பார்க்க வாறாங்களாக்கும்" என்றேன்.

"பாலத்தில பொலிஸ் மறிச்சு நிக்கிறாங்க, அதுக்குள்ள தோணியில ஆர் மாமா பந்து பார்க்க வருவா? இந்தப் படத்தப் பாருங்க."

எழுதினவளின் பெயரோடு இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒரு ஆளின் படத்தை இரண்டு கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. காணாமல் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி வீதியோரத்தில் கொட்டில் போட்டு, மடியில் படம் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருக்கிறார்களே, அந்த மாதிரிப் படம்.

வாவிப் பக்கம் பார்த்தேன். வெயில் தாழ்ந்து தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. அந்தக் கூச்சத்துக்குள் ஒரு தோணி. ஒரு இளம் பெட்டை நின்று நீளத் தடி ஊன்றித் தள்ளுகிறாள். முன்னுக்கு ஒரு மனிசி, இருக்காமல், நின்றுகொண்டே வாறா. பெட்டியில் சனம் ஆரவாரித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது கவனமாகக் கேளுங்கள், உங்கள் தொழிலில் இப்படி ஒரு நேரம் வந்தே தீரும். பொலி போய் நாலு நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த பொலி வர ஏழு நிமிடம். தோணி கரையில் முட்ட மூன்று நிமிடம். எனக்கு முன்னால் இரண்டு வழி தெரிந்தது. சத்தத்தை நிற்பாட்டலாம். நிற்பாட்டினால், அவள் கரையில் கால் வைக்கிற நேரம் பார்த்து அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டார் என்றாகும். அவள் இந்தக் கரையின் கண்டல் பற்றைகளை வாழ்நாள் முழுக்கத் துழாவுவாள். நிற்பாட்டாமல் விடலாம். விட்டால், ஒரு பிளாஸ்டிக் கதிரை அவளுடைய புருஷனின் குரலில் அவளைப் பார்த்துக் கத்தும்.

செயலாளருக்கு விசயம் விளங்கியது. அவருடைய கவலை வேறு. "நிப்பாட்டினா நேரலை செத்திரும் அண்ணன், விளம்பரக்காரர் பார்த்துக்கொண்டிருக்காங்க."

மைக்கைத் தர்சினியின் கையில் வைத்தேன்.

"என்ன மாமா பேச?"

"பந்து எங்க போகுதோ, அத மட்டும் செல்லு."

கோட்டுக்கு வெளியால் நடந்தேன். ஓட வேண்டும் போல இருந்தது. ஓடுகிற ஆளைக் கண்டால் அவள் தன் புருஷன் என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்து நடந்தேன்.

அவள் எனக்கு முதலே கரையேறிவிட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பொட்டு. கையில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று, உள்ளே கடதாசிகள். பந்தை, ஆட்டக்காரரை, ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து சனம் இரைகிறது, அவள் அந்த வெறும் புல்லில் நடக்கிறாள். எப்படி நடந்தாள் தெரியுமா? தோளை ஒடுக்கி, பக்கவாட்டில், கையால் இடம் விலக்கி. ஒருவருமில்லாத இடத்தில், நெரிசலுக்குள் நடக்கிற மாதிரி நடந்தாள். அதைப் பார்த்த நேரம் எனக்கு அந்தச் சனம் கண்ணுக்குத் தெரிந்தது. நானும் ஒரு அடி விலகி நடந்தேன். பொய் சொல்லவில்லை.

"தங்கச்சி."

"அண்ணன், போன்ல கதைச்சது நீங்களா? எவடத்த நிக்கிறார்?"

"தங்கச்சி, அவர் இல்ல. அது பழைய சத்தம். நாடாவில பிடிச்சு வச்சது. இந்தா, இந்தப் பெட்டிக்குள்ளாலதான் வருது."

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நிக்கிறார் எண்டீங்க."

"அது பொய்."

"நீலச் சேட்டு எண்டீங்க."

"அதுவும் பொய். என்னத்துக்குச் சொன்னன் எண்டு எனக்கே தெரியா."

"அகதி முகாமில இருந்து மாட்டப் பார்த்திட்டு வாறன் எண்டு போகக்குள்ள நீலச் சேட்டுத்தான் போட்டிருந்தவர்."

தடி ஊன்றி வந்த பெட்டை பின்னால் வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். மகள். "அம்மா, நான் அப்பவே செல்லல்லயா? வாங்க போவம்."

அவள் கையை உதறினாள். அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எது பொய் அண்ணன்? அப்ப சொன்னதா, இப்ப சொல்றதா? ஆமிக் காம்பில இரிக்கார் எண்டும் சொன்னாங்க, இல்ல எண்டும் சொன்னாங்க. இன்ன ஊரில கண்ட எண்டாங்க, காணல்ல எண்டாங்க. நீங்களும் ரெண்டும் செல்றீங்க. அவர எங்கயோ அனுப்பிப்போட்டுத்தான் இப்பிடி வந்து நிக்கிறீங்களா?"

நேரத்தைப் பார்த்தேன். பொலி வர ஒரு நிமிடம்கூட இல்லை. கதிரையின் கீழே வயரைப் பிடித்தேன், இழுத்து விடுவோம் என்று. அவள் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வயல் வேலை செய்த கை.

"விடுங்க அண்ணன். வரட்டும்."

பெட்டிக்கு முன்னால் முழங்கால் ஊன்றிக் காதை அதன் வலையோடு ஒட்டவைத்தாள். நான் பக்கத்தில் குந்தினேன். அவ்வளவு கிட்டத்தில் நானும் அந்த நாடாவைக் கேட்டதில்லை.

"பொலி! பொலி! பொலியோ... பொலி!"

அவள் கண்ணை மூடவில்லை. சத்தம் தேய்ந்தது. தேய்ந்ததற்குப் பின்னால், தூரத்துக்குக் கேட்காத, போனில் கேட்காத, பெட்டியோடு ஒட்டினால் மட்டும் கேட்கிற ஒரு சின்னக் குரல்: "வாப்பா... இல்ல அப்பா, எனக்குக் காணல்ல, தூக்குங்க." பிறகு அந்த ஆள் சிரிக்கிறார். பிறகு ஒரு இளம் பெண், கோபம் போல: "இறக்கி விடுங்க அவள, கத்திக் கத்திப் புள்ளைக்குக் காது செவிடாகப் போகுது."

மகள் சொன்னாள்: "அந்த நாளையில நான் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் புள்ளைகள் மாதிரி வாப்பா எண்டுதானாம் கூப்பிடுவன். அம்மா ஏசி ஏசித்தான் மாத்தினது."

அந்த மனிசி இன்னும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். "அது நான்" என்றாள். "அந்த ஏசிறது நான்."

அதற்குப் பிறகு நான் உண்மை சொல்கிறேனா பொய் சொல்கிறேனா என்ற கேள்வி அவளுக்கு இருக்கவில்லை. இருபத்தேழு வயதான தன் குரலைக் கேட்டவளுக்கு அது இன்றைய சத்தமா என்று இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லையே.

"இன்னொருக்கா எப்ப வரும்?"

"பதினொரு நிமிசத்தால."

புல்லில் குந்தி இருந்துவிட்டாள். மகளும் பக்கத்தில் இருந்தாள். ஆட்டம் முடிந்தது. ஆர் வென்றது என்று எனக்கு ஞாபகமில்லை, தர்சினி பந்து போன இடத்தை மட்டும் சொல்லி முடித்தாள். ஆட்டக்காரர் வாகனத்தில் ஏறிப் போனார்கள். செயலாளர் வந்து அவர்களைப் பார்த்துவிட்டு, சப்பாத்துச் சத்தம் கேட்காமல் புல்லால் நடந்து போனார். ஆளில்லாத மைதானத்தில் சனம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பொலி வந்தது. சிரிப்பு வந்தது. ஏச்சு வந்தது. அவள் எழும்பினாள்.

நாடாவின் பிரதியைத் தரட்டுமா என்று கேட்டேன். மகளின் போனுக்கு அனுப்பச் சொன்னாள். பிறகு கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணன், இது கிடைச்சதால அவர் இருக்கிறதாகவும் ஆகாது, இல்லாததாகவும் ஆகாது. நிக்கிற ஆள நிக்கிறார் எண்டு செல்லுங்க. தெரியாத ஆளத் தெரியா எண்டு செல்லுங்க. எங்களுக்கு ஒருத்தரும் தெரியா எண்டு செல்லல்ல."

தோணியில் ஏறினாள். இந்தத் தரம் நிற்காமல், குந்தி இருந்துகொண்டு போனாள்.

நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் மைதானத்தைச் சில பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் போய்ச் சத்தத்தை நிற்பாட்டினேன். மைக்கை எடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. இன்றைக்கு மைதானத்தில் பார்வையாளர் ஒருவரும் இல்லை, கோலுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை, நீங்கள் கேட்டது பழைய காலத்துச் சனம், இதே மைதானத்தில் பிடித்தது, உண்மைச் சனம் போல உங்களுக்குச் சொன்னது என் பிழை என்று சொன்னேன். செயலாளருக்கு முகம் கறுத்தது. அடுத்த ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அது நியாயம்தான்.

இணையத்தில் சனத்தின் சத்தம் எல்லாம் இரைச்சல் என்று ஒரே பெயரில் கிடக்கிறது. எடுத்துப் போடலாம். பழைய போட்டிகளின் சத்தத்தையும் போடலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட முதல், ஒரு இடத்தில் குந்தியிருந்து கேளுங்கள். முழுதாக, காதை ஒட்டவைத்து. உள்ளே ஆர் ஆர் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நான் மைக்கை வைத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் அடிக்கத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் ஏச்சு விழும் என்றுதான் எடுத்தேன். ஒருவரும் ஏசவில்லை. வாகரையிலிருந்து ஒரு மனிதர், தன் இரண்டு பிள்ளைகளும் நாடா பிடித்த அன்றைக்குப் பந்து பார்க்க வந்தவர்கள் என்றார். அடுத்த வருடம் சுனாமியில் கடல் கொண்டுபோன பிள்ளைகள். கல்குடாவிலிருந்து ஒரு பெண், தன் தகப்பன் விசிலடிப்பார், இரண்டு விரலை வைத்து, அந்த விசில் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. ஒருவர், மனைவி அன்றைக்குச் சிவப்புக் குடை பிடித்திருந்தாள் என்றார், குடைக்குச் சத்தமில்லை என்று அவருக்கே தெரியும், ஆனாலும் சொன்னார். ஒவ்வொருவருக்கும் கேட்டுப் பார்த்துச் சொன்னேன். இருந்தால் இருக்கிறது என்று. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று. தர்சினி நாடாவை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டித் தந்துகொண்டே இருந்தாள்.

கடைசியாக ஒரு பெண் எடுத்தாள். நடுத்தர வயது இருக்கும்.

"அண்ணன், எங்கட தம்பியும் அண்டைக்கு வந்தவன். ஆனா அவன் கத்திற புள்ள இல்ல. எவடத்த போனாலும் கையக் கட்டிக்கொண்டு சும்மா நிப்பான்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "அது கேட்குமா?"

ஆமென்று சொல்ல என் வாய் எவ்வளவு துடித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கேட்காது தங்கச்சி" என்றேன்.

"சரி அண்ணன்" என்றாள்.

ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.